பிலவேந்திரன் பதினோராவதாக வந்தது

சேசு மரி சூசை துணை

பொம்மிடி,
27-4-72

அன்பு மகள் வேளாங்கண்ணிக்குச் சித்தப்பா பெரியநாயகம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் உன் அம்மா, உன் தம்பி பிலவேந்திரன், நான், சினை எருமை உட்பட எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் குறையில்லாமல் இருக்க ஜெபமாலையில் தினமும் ஒரு மணி உனக்கென்று தனியாக உருட்டுகிறேன். இதெல்லாம் முறைக்காக எழுதியது, உள்ளே எனக்கு அடுப்பு எரிகிறது. நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னாலேயே சொன்னவன். அர்ச்சுனன் சைக்கிள் கடையில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன், இந்தப் பையனை இந்த ஒரு வாரம் சும்மா விட்டால் ஜெயிப்பான், நீங்கள் விடமாட்டீர்கள், அதனால் தோற்பான் என்று. அப்படி முன்கூட்டிச் சொன்ன என்னைப் பார்த்து நீ எழுதுகிறாய், தம்பி கால் புண்ணாகிப் படுத்ததற்குச் சித்தப்பாதான் காரணம், இனிமேல் அவனை ஓட விடக்கூடாது என்று. நர்ஸ் வேலை பார்க்கிறவள் நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதலாமா? உன் அம்மா சொல்லச் சொல்ல உபதேசியார் உனக்கு எழுதியிருப்பார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், விஷயம் பாதிதான் இருக்கும். மீதியை நான் எழுதுகிறேன், டியூட்டி முடிந்து வந்து ஆற அமரப் படி.

சேலத்து நூல் மில் ஒன்றில் ஆண்டு விழாவுக்கு மாரத்தான் வைத்தார்கள். இருபத்தாறு மைல், மில் கேட்டில் புறப்பட்டு ஓமலூர் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். முதல் பத்துப் பேருக்கு மில்லில் நிரந்தர வேலை. உன் தம்பி தண்டவாளத்தில் ஜல்லி தள்ளுகிற தினக்கூலி, இன்றைக்கு வா என்றால் உண்டு, நாளைக்கு வேண்டாம் என்றால் இல்லை. பெண் வீட்டார் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் உன் அம்மா ரயில்வே என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருவதற்குள் காபியைக் கொடுத்துவிடுகிறாள். இப்படியே எத்தனை நாள் காபி கொடுப்பது? அவன் கால் எப்படிப்பட்ட கால் என்று உனக்கே தெரியும். போன வருஷம் வாத்தியார் ஒருவர் குடையைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு பாசஞ்சரில் ஏறிவிட்டார் என்று அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டிக்கு முன்னால் போய் நின்றவன். வண்டி அரைமணி நேரம் சிக்னலில் கிடந்தது என்று சிலர் சொல்வார்கள், அது பொறாமை. ஆகவே பயிற்சியை நானே கையில் எடுத்தேன். பெங்களூரில் பட்டாளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போன காலத்தில் சிப்பாய்கள் ஓடுவதைக் கேட்டருகில் நின்று பார்த்தவன் நான். ஒரு மேஜரே என்னைக் கூப்பிட்டு மிஸ்டர் பெரியநாயகம், இவர்கள் ஓட்டம் எப்படி என்று கேட்டிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். ஒரு மாசமாக அவன் வேலை முடிந்து வந்து களைப்போடு ஓடினான், கடைசி வாரமாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று கூலிக்குப் போகாமல் நிறுத்தினேன். ஒரு நாள் நீள ஓட்டம், மறுநாள் கொஞ்சம், பிறகு ஓய்வு, கடைசியில் காலை நீட்டிப் படுப்பது, இதுதான் பட்டாளத்துக் கணக்கு. ஆனால் ஒருத்தன் வூட்டில் சும்மா இருக்கிறான் என்று தெரிந்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோயிலுக்குக் குருத்தோலை வெட்ட மரத்தில் ஏற்றிவிட்டார்கள். போகட்டும், ஆண்டவர் காரியம். திங்கட்கிழமை நீள ஓட்டம், கடத்தூர் போய் வருவது என்று ஏற்பாடு. நான் அர்ச்சுனனிடம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், உன் அம்மா கையில் ஒரு சாக்குப் பையோடு வருகிறாள். ஓடுறவன் ஓடுற, அப்படியே கடத்தூர்ல எருமைக்குப் புண்ணாக்கு வாங்கியாந்துடுடா என்கிறாள். இது தெருவுக்குக் கேட்டுவிட்டது. ஒருத்தர் ரேடியோ பேட்டரி என்றார், ஒருத்தர் தைக்கக் கொடுத்த சட்டை என்றார், இன்னொருத்தர் சம்பந்தி வூட்டுக்குச் சேதி சொல்லச் சொன்னார், பெரிய வெள்ளியன்று பெண் பார்க்க வரவேண்டாம் என்று. போகும்போது குதிரை மாதிரிப் போனவன் வரும்போது தலையில் புண்ணாக்கு மூட்டையோடு கழுதை மாதிரி வந்தான். மறுநாள் அதைவிட மோசம். அடுத்த வூட்டு நஞ்சம்மாள் கடத்தூரில் இருக்கிற மகளுக்கு ஒரு பெட்டைக் கோழியைக் கொடுத்தனுப்பினாள். உயிர்க் கோழி. கக்கத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு மாரத்தானுக்குப் பழகுகிறவனை நீ எந்தத் தேசத்திலாவது கேள்விப்பட்டதுண்டா? நான் சத்தம் போட்டேன். அதற்கு நஞ்சம்மாள், கோழி என்ன பெரிய கனமா, அதுவே ரெக்கையடிச்சு அவனத் தூக்கிட்டுப் போவும் என்கிறாள். வழி நெடுக அது என்ன பண்ணியது என்று அவன் பனியனைத் துவைத்த உன் அம்மாவைக் கேள். நடுவழியில் அவனை நிறுத்தி, உனக்கு வாய் இல்லையாடா, முடியாது என்று சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “அந்தப் பக்கந்தான போறன் சித்தப்பா. சும்மா ஓடுனா எனக்கே வெக்கமா இருக்குது” என்றான். காரியமில்லாமல் ஓட வெட்கப்படுகிறவன் எப்படி ஜெயிப்பான்? புதன்கிழமை விடியற்காலையில் கரண்டு வந்துவிட்டது என்று மடை திருப்பப் போனான், மம்பட்டியோடு வெயில் ஏறும் வரைக்கும் சேற்றில் நின்றான். அன்றைக்குத்தான் என் கணக்கில் ஓய்வு.

இப்போது செருப்பு விஷயத்துக்கு வருகிறேன், இதில் உனக்கும் பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் நீ டைபாய்டில் விழுந்து, வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகக் கிடந்தாயே, அப்போது உன் அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள், மகள் பிழைத்தால் வருகிற தவக்காலம் முழுக்க மகன் காலில் எதுவும் போடாமல் நடந்து பெரிய வெள்ளியன்று குன்று மேல் சிலுவை சுமப்பான் என்று. நேர்ந்தது அவள், பிழைத்தது நீ, சுமந்தது அவன். நீ பம்பாயிலிருந்து கேன்வாஸ் ஷூ அனுப்பினாய், வெள்ளை வெளேரென்று, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எப்போது வந்தது? தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் கழித்து. போட்டுப் பழகாத ஷூ கடிக்கும், ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டு வாசலைச் சுற்றி வாடா என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். மாட்டினான். எங்கே மாட்டினான் தெரியுமா, இரண்டு கையில். கையில் மாட்டிக்கொண்டு தரையில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டான். பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் அவனும் உட்கார்ந்தான். சாமியார் அவன் குதிகாலைக் கையில் ஏந்தினவர் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார், வெடிப்புக்குள் காசு சொருகலாம், அப்படி இருந்தது. பூசை முடிந்து உன் அம்மாவிடம், அவனைச் செருப்புப் போடச் சொல்லுங்கள், ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று தன்மையாகச் சொன்னார். உன் அம்மா முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு, “நேந்துக்கிட்டது உங்ககிட்ட இல்லீங்க சாமி” என்றாள். ரோமாபுரியில் சட்டத்தை எல்லாம் தளர்த்திவிட்டார்கள் என்கிறார்கள், உன் அம்மா இன்னும் தளர்த்தவில்லை. ஒருசந்தி விரதம் என்றால் ஒருசந்திதான். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு குன்று மேல் அந்தச் சிலுவையைச் சுமந்தான். நாலு ஆள் தூக்குகிற பாரம், நானே ஒரு காலத்தில் ஒற்றைத் தோளில் தூக்கியிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். இறங்கி வரும்போது அவன் தோளில் கைவைத்துப் பார்த்தேன், முருங்கைக்காய் முடிச்சு மாதிரி வீங்கியிருந்தது.

சனிக்கிழமை நடுச்சாமப் பூசை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு சாப்பாடு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. நாற்பது நாள் வயிற்றைக் காயப்போட்டவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா கொடுக்கவேண்டும்? உன் அம்மா ஆட்டுக்கறியைப் போட்டுக்கொண்டே இருந்தாள், நாளைக்கு ஓடப்போற, தின்னுடா தின்னுடா என்று. நஞ்சம்மாள் அவள் பங்குக்கு ஒரு சட்டி அனுப்பினாள், கோழி கொண்டுபோன நன்றிக்காம். நான் தடுத்தேன், எனக்குப் பொறாமை என்றார்கள். அன்று சாயங்காலமே வண்டியேறி சேலம் போனோம், வண்டி நெடுக அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை விடிந்ததும் மில் கேட்டில் நின்று முதல் தடவையாக உன் ஷூவைக் காலில் மாட்டினான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மாட்டினான். ஓமலூர் போவதற்குள் இரண்டு குதிகாலும் தோல் உரிந்து ரத்தம். கழற்றிவிட்டான். எறிந்துவிட்டாவது ஓடினானா? அக்கா அனுப்பிச்சது என்று கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். திரும்பி வரும்போது தார் இளகிக் கிடக்கிறது, வெறுங்காலில் அதன்மேல் ஓடியிருக்கிறான், நெஞ்சில் ஷூ அடிக்க அடிக்க. கேட்டில் ஒவ்வொருத்தராக வர வர பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். பத்தாவதாகக் கம்பைநல்லூர்க்காரன் ஒருத்தன் வந்தான், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மீசை. அவன் முதுகுக்குப் பின்னால், நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், உன் தம்பி. பதினொன்று. ஒரே ஒரு ஆள். அந்த மீசைக்காரனை இந்த ஒரு வாரத்தில் யாராவது கடைக்கு அனுப்பியிருப்பார்களா, கேட்கிறேன். புண்ணாக்கு மூட்டை ஒன்று குறைந்திருந்தால், அந்தக் கோழி செத்துத் தொலைந்திருந்தால், ஒரே ஒரு நாள் அவன் முடியாது என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அவன் மில் தொழிலாளி. காரணம் நானாம்!

நீ எழுதியதில் ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்றது. பத்து நாள் படுத்திருந்தான், வாஸ்தவம். உன் அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள், இன்னும் வேறு மருந்து இருந்தால் பெயரை எழுது, தர்மபுரியில் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் போன வாரத்திலிருந்து அவன் தானாக எழுந்து போகிறான். நான் எழுப்பவில்லை. வேலைக்குப் போகுமுன் கடத்தூர் ரோட்டில் பாதி தூரம் போய் வருகிறான், காலில் உன் ஷூ, உள்ளே பழைய வேட்டித் துணி. வருகிற வருஷமும் மில்லில் ஓட்டம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முந்தாநாள் உன் அம்மா வழக்கம்போல கடைக்குப் போகச் சொல்லி எண்ணெய்ப் புட்டியை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஓடிட்டு வந்து வாங்கியாறேம்மா, இப்ப ஓடப் போறன்” என்றான். புட்டியோடு உள்ளே போன உன் அம்மா அவனுக்கு ஒரு முட்டையை வேகப்போட்டாள், எனக்குக்கூடச் சொல்லவில்லை, முட்டை ஓட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இந்த வூட்டில் அவன் வாயால் இல்லை என்று ஒரு சொல் வருவதற்கு இருபத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது, அதை நீ பம்பாயிலிருந்து ஒரு கடுதாசியில் நிறுத்தப் பார்க்கிறாயா?

நீயும் வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வார்டுக்கு ஓடாதே, மழை தொடங்குமுன் ஒரு குடை வாங்கிக்கொள். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் நேர்ச்சையைப் பற்றிக் குறையாக ஒரு வரி வேண்டாம், அவள் தாங்கமாட்டாள். முக்கியமாக ஞாபகம் வைக்கவேண்டியது ஒன்று. இத்தனை எழுதிவிட்டு உன்னிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை. கம்பைநல்லூர்க்காரன் பத்தாவதாக வந்தது நிஜம். அவன் பின்னால் வந்தது நம் பையன் இல்லை. பத்தாவது ஆள் வந்ததும் எல்லைக் கயிற்றைச் சுருட்டி பாண்டுக்காரர்களையும் சாப்பிட அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் வந்தவர்களை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை, எண்ண முடியாதபடி வந்தார்கள். இவனைக் காணோமே என்று ஓமலூர் ரோட்டில் தேடிக்கொண்டு போனேன், எந்த இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்டோமோ தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் கிடக்கிறான், காலைப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் திறக்காமலே, “எத்தினாவது சித்தப்பா?” என்றான். பதினொண்ணுடா என்றேன். கண்ணைத் திறந்து, “ஒரே ஆளா?” என்று கேட்டு எழுந்து உட்கார்ந்தான். அந்த நேரத்தில் வேறென்ன சொல்லியிருக்கவேண்டும் என்கிறாய்? அவனுக்கு எழுதும்போது நீயும் பதினோராவது என்றே எழுது. ஓடுவதை நிறுத்து என்று எழுதத்தான் போகிறாய் என்றால், அதை அவனுக்கு எழுதாதே, எனக்கு எழுது.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா ஸ்தானத்தில் இருக்கும்
சித்தப்பா சூ. பெரியநாயகம்