அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்

கடலூர் முதுநகர்
14.10.2024

அன்புத் தங்கச்சி வெண்மதிக்கு,

அண்ணன் இளவரசு எழுதுவது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே கடிதமா என்று சிரிக்காதே. கம்பெனியில் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்க்கிறார்கள். பதிலை உன் அண்ணி காயத்ரியின் தையல் கடை விலாசத்துக்குப் போடு.

எல்லாம் உன் பாட்டால்தான். "மழ வர்ற சமயம் பாத்து ரெண்டாம் வால்வ தெறக்குறான்" என்று பாடியிருக்கிறாயே, எங்கள் கம்பெனியின் கழிவுத் தண்ணீர் ஓடையில் போவது ஊருக்கே தெரியும். ஆனால் எந்த வால்வு என்பது உள்ளே வேலை பார்ப்பவனுக்குத்தானே தெரியும்? பொங்கலன்று மனசு கேட்காமல் உன்னிடம் சொன்னேன். நீ அதைப் பாட்டில் வைத்துவிட்டாய். நேற்று மேனேஜர் எங்கள் இருபது பேரையும் நிற்க வைத்து, "எவன் சொன்னான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் தங்கை என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

காயத்ரிக்கு ஏழாம் மாதம். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி சிதம்பரம் கச்சேரியில் நீ எதை வேண்டுமானாலும் பாடு. அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்.

உன் அண்ணன்,
இளவரசு

சிதம்பரம்
19.10.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்காமல் அந்த வரியை வைத்தது என் தப்பு.

ஆனால் ஒன்று கேள். பத்து வருஷம் கல்யாண மேடைகளில் யார் யாருடைய பாட்டையோ பாடினேன். சாப்பிடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் ஜெயப்பிரகாஷ் என்றொருவர் கிடாரில் ரெகே என்கிற ஜமைக்கா இசையை வாசித்தபோதுதான், கோபத்தைக் கத்தாமல் பாட முடியும் என்று தெரிந்தது. ஆடிக்கொண்டே கேட்பார்கள், வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டில் அழுகையை அடக்காமல் விடலாம். இரண்டும் சேர்ந்ததுதான் இப்போது நான். போன மாதம் கொச்சியில் தமிழ் தெரியாத ஆயிரம் பேர் என்னோடு சேர்ந்து "எங்க தண்ணி எங்க தண்ணி" என்று பாடினார்கள். ஓடையில் இறங்கிக் கால் வெந்துபோன அக்காமாரை நினைத்து எழுதிய பாட்டு அண்ணே அது. அதை எப்படி விடுவேன்?

வால்வு வரியை எடுத்துவிடுகிறேன். பாட்டு இருக்கட்டும். அண்ணியைப் பார்த்துக்கொள்.

உன் பாப்பா,
வெண்மதி

கடலூர் முதுநகர்
30.10.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

வரியை எடுத்து இனிப் பயனில்லை. என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கும் தட்சிணாமூர்த்தியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் போனில் உன் பாட்டு இருந்ததாம். பிடித்திருந்தது, வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நேற்று வீட்டுக்கு வந்தார். "நான் சொல்லல இளவரசு. ஒனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மாமா" என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. காயத்ரி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்த பிறகு காயத்ரி, "நீ எதுவும் சொல்லிடாத, கை எடுத்துக் கும்புடுறேன்" என்றாள்.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திக்கென்கிறது. பாப்பா, அந்தப் பாட்டையே விட்டுவிடு. கொஞ்ச நாள் போனால் எல்லாம் அடங்கிவிடும்.

இளவரசு

சிதம்பரம்
4.11.2024

அண்ணனுக்கு,

கச்சேரியிலிருந்து அந்தப் பாட்டையே எடுத்துவிட்டேன். உன் மேனேஜருக்குப் பயந்து இல்லை. என் பாட்டைக் கேட்ட குற்றத்துக்கு ஒரு மனிதர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, அதே பாட்டுக்குக் கைதட்டு வாங்க என்னால் முடியாது.

உன் பெயரை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அது சத்தியம். ஆனால் கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கு அண்ணே அடங்கும்? அவருக்குமா?

இதை எழுதிவிட்டு, இந்த வரியை அடித்துவிடலாமா என்று ரொம்ப நேரம் பார்த்தேன். அடிக்கவில்லை.

வெண்மதி

கடலூர் முதுநகர்
12.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

சனிக்கிழமை கச்சேரிக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். இத்தனை வருஷத்தில் நீ உன் சொந்தப் பாட்டுகளைப் பாடி நான் நேரில் கேட்டதே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. முடியும்போது பையன்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். நீ மைக்கைப் பிடித்து, "அது இன்னிக்கி இல்லீங்க" என்றாய். ஏன் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றாய். உனக்குச் சொல்லத் தெரியாமலா? எனக்காக வாய் மூடி நின்றாய். உன்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று மேனேஜரிடம் போய், "தட்சிணாமூர்த்தி இல்ல சார், நான்தான். அந்தப் பாட்டுக்காரி எந்தங்கச்சி" என்றேன். எழுதிக் கொடு என்றார். அவர் கேட்காததையும் எழுதினேன். எந்தெந்தத் தேதியில் வால்வைத் திறக்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், எல்லாம். அரை மணி நேரத்தில் என்னை வேலையிலிருந்து நீக்கி, கேட்டுக்கு வெளியே விட்டார்கள். வெளியே வந்ததும் அதையே இன்னொரு தாளில் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

தட்சிணாமூர்த்தியைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று காலை வாசலில் வந்து நின்றவர், "இதச் சொல்ல பதினஞ்சு நாள் ஆச்சாய்யா ஒனக்கு?" என்றார். உள்ளே வரவில்லை. மன்னிப்பாரா தெரியாது.

அடுத்து என்ன நடக்கும் என்றும் தெரியாது. போலீஸ் வருமா, வேறு எங்காவது வேலை கிடைக்குமா, ஒன்றும் புரியவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

நீ பாடு. முழுசாகப் பாடு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. காயத்ரி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. "ஒந்தங்கச்சிய வரச்சொல்லு, அவகிட்ட நாலு வார்த்த கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள். கேட்கட்டும், வாங்கிக்கொள். நாலு வார்த்தை கேட்கப் போகிறவளே உனக்கு மீனும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன்,
இளவரசு