பீட்சாவைத் திருப்பி அனுப்பிய சனிக்கிழமை

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்கும் ஒன்றுமில்லை. அப்பா வெளியூர் போயிருப்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மாள் அப்படிச் சொல்லியிருந்தால் அது அவள் காது கேட்டது, என் வாய் சொன்னதல்ல. நடந்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை மதியம் நீ அனுப்பச் சொன்ன பீட்சாவோடு ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும், முதுகில் அலமாரி மாதிரி ஒரு சதுரப் பை, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டே, "சார் பேருக்கு வந்திருக்கும்மா, கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார். அவர் இல்லை என்றேன். "எப்ப வருவாரு?" என்றார். வரமாட்டார் என்றேன். முன்பின் தெரியாதவரிடம், கதவைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிம்மா, அப்ப ரிட்டர்ன் போட்டுடறேன்" என்று பெட்டியைத் திரும்பப் பைக்குள் தள்ளி மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரிக்கு 'இல்லை' என்றால் வெளியே போயிருக்கிறார் என்று பொருள். ஏழு மாதமாக எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். படிக்கட்டில் வாசனை போகும்வரை நின்றேன், அன்று மதியம் சாப்பிடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். உன் போனில் ஆர்டர் போடும் இடத்தில் அப்பா பெயரை நீ இன்னும் மாற்றவில்லை. மனசு வராமல்தான் விட்டிருப்பாய். அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு நெருப்பு வைக்கப் பார்த்தேன் என்றும் சொல்கிறாளாம். டோஸ்டரில் புகை வந்தது உண்மை, நெருப்பு இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். அதன் அடியில் ரொட்டித் துகள் விழ ஒரு தட்டு உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் காலை டோஸ்ட் எப்போதும் அப்பா வேலை, நான் உட்கார்ந்து, ஓரம் கருகிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டவள். உருவினால் ஒரு கைப்பிடித் துகள். மேலே கிடந்தது என்னுடையது, அடியில் இருந்தது எங்கள் இருவருடையதும். குப்பையில் கொட்டக் கை வரவில்லை, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இதை எதிர்வீட்டுக்குச் சொல்லிவிடாதே, அதையும் சேர்த்துப் பாடுவாள்.

முதியோர் இல்லத்து விண்ணப்பம் வந்தது. அச்சில் மூன்று எழுத்துப்பிழை, திருத்தியிருக்கிறேன். 'ஞாபகமறதி உண்டா' என்ற இடத்தில் 'ஆம்' என்று நீயே நிரப்பியிருக்கிறாய். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அந்த எழுத்தைக் கைபிடித்துப் பழக்கியவள் நான். நான் கையெழுத்துப் போடவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அந்த 'ஆம்' என்பதை என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய்? போனில் சொல்லாதே, போனில் நீ அவசரப்படுவாய், நான் அழுதுவிடுவேன். காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

அம்மா