நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கள்ளக்குறிச்சி
12.1.2025

தமிழழகனுக்கு,

பேசாமல் இருந்தது போதும். தங்கவயல் சுரங்கத்தைப் பற்றிய உன் புத்தகம் வந்து ஏழு மாதமாகிறது. வெள்ளிமலைப் பள்ளியில் எனக்குப் பின்னால் சேர்ந்த கணக்கு வாத்தியார்கூட ஒரு பிரதி வைத்துக்கொண்டு, “உங்க ஊர்க்காரராமே சார்” என்கிறார். கச்சிராயபாளையம் பேருந்தில் மலையிறங்கும்போது அதைப் படித்து முடித்தேன்.

நான் வரலாற்று ஆசிரியன். கோலார் தங்கவயலுக்கு எந்த ஆண்டு மின்சாரம் வந்தது, எந்தச் சுரங்கம் எத்தனை அடி, எப்போது மூடினார்கள் என்று இருபது வருடம் குறிப்பெடுத்தவன். உன் புத்தகத்தில் இரண்டு இடத்தில் ஆண்டு தவறு. ஆனால் அதில் ஆட்கள் நடமாடுகிறார்கள். என் நோட்டில் ஒருவரும் இல்லை.

அந்த ஆட்களை உனக்குக் கொடுத்தது என் அப்பா. முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் இறங்கிய பூமாலை, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ நான்கு நாள் இங்கே வந்து தங்கினாய். பாறை வியர்ப்பதையும், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசி காயப்போட்ட துணியில் படிவதையும், மேலே வருகிறவர்களிடம் தங்கம் இருக்கிறதா என்று காவலாளி சோதிப்பதையும் சொல்லியிருக்கிறார். “பல்லு ஈறு வரைக்கும் தேடுவான். ஒண்ணும் இல்லன்னா அவனுக்கே வருத்தமாப் பூடும்” என்று அவர் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். அப்பா சிரிப்பார் என்பதையே உன் புத்தகத்தில்தான் படித்தேன்.

பெற்ற மகனுக்கு இல்லாதது உனக்கு எப்படிக் கிடைத்தது?

வெற்றிவேல்


ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்
25.1.2025

அன்புள்ள வெற்றி அண்ணனுக்கு,

கோபமாகவாவது எழுதினீர்களே. பூமாலைப் பெரியப்பா காரியத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்து மூன்று வருடமாகிறது. அண்ணியும் மகள் இலக்கியாவும் நலம்தானே?

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நானும் பெரியப்பாவைக் கேட்டேன். “அவன் மூஞ்சியப் பாத்துக்கினு என்னால பேச முடியாதுடா” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பு வருகிறது. அட்டையில் பெரியப்பாவின் படம். கள்ளக்குறிச்சியில்தான் வெளியீடு, முதல் பிரதியை நீங்கள்தான் வாங்கவேண்டும். பிழைகளை எழுதி அனுப்புங்கள், எல்லாவற்றையும் திருத்துகிறேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் தொடமாட்டேன். எண்பத்தாறில் பாறை வெடித்தபோது என் அப்பா பெரியப்பாவின் மடியில் தலைவைத்து, தண்ணீர் கேட்டு, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போன பக்கம். கண் தெரியாத அம்மா வாரம் ஒருமுறையாவது அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். “ஒண்டியாப் போவலியே, அது போதும்பா” என்பார்.

உங்கள் தம்பி,
தமிழழகன்


கள்ளக்குறிச்சி
9.2.2025

தமிழழகனுக்கு,

பிழைகளைக் கேட்டிருந்தாய். ஒன்றுதான் முக்கியமானது.

படிப்புக்காக என்னை இங்கே மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். தங்கவயலில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில், சுவருக்கு அந்தப்பக்கம் நீ. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் தோளில் நீதான் இருப்பாய். பத்தாம் வகுப்பில் நான் முதல் பரிசு வாங்கிய வருடம் அவருக்கு எழுதினேன்: “பரிசளிப்புக்கு வராவிட்டால் தமிழழகனையே மகனாக வைத்துக்கொள்ளுங்கள்.”

அப்பா வந்தார். விடுப்புக் கிடைக்கவில்லை. தன் பித்தளை டோக்கனை உன் அப்பா ராசு சித்தப்பாவிடம் கொடுத்து, தானும் இறங்கியதாகக் கணக்கு காட்டச் சொல்லிவிட்டு, முந்தைய நாளே பஸ் ஏறிவிட்டார். இருவர் சேர்ந்து பிடிக்கும் துளைக்கருவியோடு சித்தப்பா அன்று தனியாகப் போனார். பாறை வெடித்த நேரம் என் அப்பா பள்ளி மைதானத்தில், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் போய்ச் சேர்வதற்குள், வேலை போய்விடக்கூடாதென்று கூட்டாளிகள் அவருடைய டோக்கனை, மேலே வந்தவர்களின் ஆணியில் மாட்டிவிட்டிருந்தார்கள். அதன்பிறகு அவர் அன்று கீழே இருந்தவராகவே வாழவேண்டியதாயிற்று. அப்பா மாமாவிடம் மட்டும் சொன்னதை, மாமா பின்னாளில் என்னிடம் சொன்னார். மடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன் அப்பா தனியாகத்தான் போனார்.

உன் அப்பா போனபிறகும் உன்மேல் அவர் வைத்திருந்தது பாசம் என்று நினைத்து நாற்பது வருடம் வெந்தேன். அது செய்த தப்பின் பயம், தமிழழகா. இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது இனிக்கவும் செய்தது. எழுதி முடித்தபின்தான் மற்றது தெரிகிறது. அவர் எனக்காக வந்தார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவரை நான் இழந்தது உன்னால் அல்ல.

இரண்டு முறை கிழிக்கப் பார்த்தேன். வரலாறு படித்தவன் தெரிந்த உண்மையை மறைக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ மட்டும் நிம்மதியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ரங்கம்மாள் சித்திக்கு இதை வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பது இனி உன் பாடு. வெளியீட்டுக்கு நான் வரவில்லை.

கையெழுத்துப் போடாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன். யாரோ வயிற்றெரிச்சலில் எழுதிய மொட்டைக் கடிதம் என்று கிழித்துப்போட உனக்கு ஒரு வழி இருக்கட்டும்.