ஹொசாகா வாசலில் கிடைத்த பதினொரு பெட்டி

அன்புள்ள கட்சுமிக்கு, அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, போன மாதத்தைவிடச் சோறு கூடுதலாகவே இறங்குகிறது, காரணத்தைக் கீழே படி. குஷிரோவில் பனி விழ ஆரம்பித்திருக்கும், நீயும் மருமகளும் ஈரக் காலோடு நிற்காதீர்கள்.

நம் தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். ஹொசாகா வீட்டு வாசலில் ஒரு முழம் தோண்டியதுமே பழைய பானை ஓடுகள் குவியலாக வந்தன. நகராட்சியிலிருந்து அகழாய்வு பார்க்க வந்திருக்கும் நிஷினோ என்ற பெண், ஒரே குழியில் இத்தனை வகையா என்று துள்ளிக் குதித்தாளாம். பல் துலக்கும் பிரஷால் கழுவினால் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் வட்டம், வட்டத்துக்குள் எண். தட்டில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். என் எழுத்துதான். பதினேழு வருஷத்துக்கு முன் ஊர்க்கூடத்தை இடித்தபோது, நான் தோட்டம் தோட்டமாகப் பொறுக்கி அங்கே வைத்திருந்த பதினொரு பெட்டி ஓடுகளையும் தானே வண்டியில் ஏற்றி அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டதாக ஹொசாகா சொன்னானே, அதே ஓடுகள். அங்கே போய்க் கேட்டதற்கு ஒன்றும் வரவில்லை என்றார்கள். அவனோ, நான் அனுப்பினேன், அவங்கதான் தொலைச்சிருப்பாங்க என்று கையை விரித்தான். தன் வாசல் பள்ளத்தை என் ஓட்டால் மேடாக்கி, அதன்மேல் வண்டி ஓட்டியிருக்கிறான். ஊர்க்கூட்டத்தில் என்னைக் கண்டாலே, ஓட்டாஞ்சில்லுக்காரி, இன்னிக்கு எத்தனை கிலோ என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கக் காணோம்.

எந்த எண் எந்தத் தோட்டத்தில் பொறுக்கியது என்பது என் நோட்டில்தான் இருக்கிறது. முக்கால்வாசி அவனுடைய மேல்தோட்டத்துப் பீச் மரங்களுக்கு அடியில் கிடைத்தவை. ஐயாயிரம் வருஷத்துக்கு முன் அங்கே ஒரு ஊரே இருந்தது என்று நான் அப்போதே சொன்னேன். அங்கேதான் தன் மகன் ஷின்யாவுக்கு வீடு கட்ட வசந்தத்தில் அஸ்திவாரம் போடுகிறான். நோட்டு வந்தால் முதலில் அகழாய்வு, பிறகுதான் வீடு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம் என்கிறாள் நிஷினோ.

முந்தாநாள் சமையலறை வாசலில் தேயிலை டப்பாவோடு வந்து நின்றான். மிசாவோ அக்கா, பழசை மறந்துடுங்க, நோட்டு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பையன் கல்யாணமே இந்த வீட்டை நம்பித்தான் இருக்கு என்றான், குனிந்த தலை நிமிரவில்லை. நான் சொன்னேன், நோட்டை அருங்காட்சியகத்துக்கு நான் அனுப்பினேன் ஹொசாகா, அவங்கதான் தொலைச்சிருப்பாங்க. சொன்னது யாருடைய வார்த்தை என்றுகூட அவனுக்கு நினைவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனான். டப்பாவையும் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறது, பள்ளிக் கட்டுரைக்கு எடுத்துப் போனாய், நீலத் துணி அட்டை. ஷின்யா உன் சிநேகிதன், உனக்கும் போன் வரும், உன் மனசு இளகும் என்று தெரியும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அப்பாவுக்கு மனசு இளகவில்லை. காணோம் என்று எனக்கு எழுதாதே, நீ எதையும் தொலைக்கிற பிள்ளை இல்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம், நேராக நிஷினோவுக்கு. முகவரி பின்பக்கம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஓட்டாஞ்சில்லுக்காரி மிசாவோ