அப்பாவின் பக்கத்தில் இன்னொரு இலை

மேற்பிரிவு லயம்,
ஹல்துமுல்லை.
21.10.2025

அன்புள்ள நிமலன் அண்ணனுக்கு,

அப்பா மண்சரிவில் சாகவில்லை, போரில் செத்தார். யசோதினி அண்ணியிடமும் அவர் வீட்டாரிடமும் அப்படிப் பொய் சொன்னது நீங்கள். டிசம்பரில் கனடாவிலிருந்து அண்ணியோடு வரும்போது பொய் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று, இராணுவ உடுப்பில் இருக்கும் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பியதும் நீங்கள்தான். வாட்ஸப்பில் பதில் போட்டால் பாதி வாசித்துவிட்டு மூடிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

படம் இறங்கவில்லை. நேற்றுத் தீபாவளிக்கு அதற்குப் புது மாலை போட்டோம்.

எனக்கு இரண்டு நாள் லீவு. கிடைத்தது என்று சொல்ல முடியாது, எடுத்தேன். எல்லவில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் அறை துடைப்பவர்கள் அத்தனை பேரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். எல்லோரும் தீபாவளிக்குப் போனால் வெள்ளைக்காரர்களுக்குப் படுக்கை விரிப்பது யார் என்று மேனேஜர் கேட்டார். நீங்களே விரியுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வேலை இருக்கிறதா இல்லையா என்று நாளைக்குத்தான் தெரியும்.

பண்டாரவளையில் அம்மா எனக்காகக் காத்திருந்தார். வழக்கம்போல மொஹிதீன் நானா கடையில் அப்பாவின் படையலில் வைக்கச் சட்டை எடுத்தோம். பதினேழு வருடமாக அதே கடை. நானா அளவு கேட்பதே இல்லை. “தீவாளிக்குத் தீவாளி எல்லாருக்கும் வயிறு பெருக்குது தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் இன்னும் மாப்பிள்ளை மாதிரியே இருக்கார்” என்றார். அம்மா கடையிலேயே வாய்விட்டுச் சிரித்தார். படைத்த சட்டையை மகன்தான் போட வேண்டும். நீங்கள் போன பிறகு எட்டுச் சட்டை பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

ஹேரத் மாமாவும் வந்தார். இராணுவத்தில் அப்பாவோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த சிங்களவர், அப்பா செத்த அன்றே கண்ணிவெடியில் வலது காலை இழந்தவர். வெலிமடையிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு டின் நிறையக் கெவும் பலகாரத்தோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொய்க்காலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, “அக்கே, மத்தவங்க செருப்பு மட்டுந்தான் வெளியில வெக்கிறது. நான் காலும் வெக்கிறது. எனக்குத்தான் மரியாதை கூட” என்றார். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முகாமில் அப்பா கொண்டாடிய தீபாவளியைச் சொன்னார். பால்மா டின்களில் தேங்காயெண்ணெய் ஊற்றி அப்பா விளக்கு வைத்தாராம். வெளிச்சத்தைப் பார்த்துச் சுடப்போகிறார்கள் என்று பெரிய அதிகாரி கத்திக்கொண்டே ஓடி வந்தாராம். அப்பா அவர் கையில் ஒரு முறுக்கைத் திணித்தாராம். அவர் அதைக் கடித்துக்கொண்டே எல்லா விளக்கையும் அணைத்தாராம். பிறகு இருட்டில் நின்று, இன்னும் முறுக்கு இருக்கிறதா என்று கேட்டாராம்.

அப்பா எந்த நாட்டையும் காப்பாற்றப் போகவில்லை. கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் தவிர இந்தத் தோட்டம் எதையும் தராது என்பதால் போனார். அவர் உடுப்போடு வடக்கில் நின்ற நாளில், பதுளையில் கடையில் வேலை செய்த அவர் தம்பியை, நம் சித்தப்பாவை, புலி என்று பிடித்துப் போய் மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். லயத்தில் சிலர் அப்பாவைத் துரோகி என்றார்கள். வருடத்துக்கு ஒரு நாள் இராணுவத்தின் நினைவு விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் நாற்காலியில் இருத்திப் பூ கொடுக்கிறார்கள், தமிழில் ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள் அண்ணா. அப்பாவை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

உங்கள் பயத்தையும் நான் மறைக்கவில்லை. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அண்ணியின் அண்ணன் புலிகளோடு இருந்து, பத்தொன்பது வயதில், அப்பா செத்த அதே வருடம் செத்தார், உடல்கூட வீட்டுக்கு வரவில்லை என்பதையும் வாசித்தேன். அம்மா உங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் புள்ளைக்கு யாருடி படைக்கிறா?” என்று மட்டும் கேட்டார். அவர் குசினிக்குப் போய் இன்னொரு வாழையிலையைக் கழுவி எடுத்து வந்து, அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டார்.

அது யாருக்கு என்று ஹேரத் மாமாவிடம் நான்தான் சொன்னேன். அந்தக் கண்ணிவெடியைப் புதைத்தது எந்தப் பக்கம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் இலையைப் பார்த்தார். அம்மா அதில் ஒரு கெவும் வைத்தார். “பத்தொம்பது வயசுதானே அக்கே. பசி கூட. ரெண்டு வெக்கிறது” என்று மாமா டின்னை நீட்டினார்.

படையல் முடிந்ததும் புதுச் சட்டையை அம்மா ஹேரத் மாமாவுக்கே கொடுத்தார். வயிற்றில் மூன்று பொத்தான் பூட்ட முடியவில்லை. திறந்துவிட்டபடியே போட்டுக்கொண்டார். வெளியே தப்பு அடிக்கத் தொடங்கியதும் ஒற்றைக் காலில் ஆடினார், சித்தப்பா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார். கூரை ஒழுகி வாளி நிரம்பி வழிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமான தீபாவளி எனக்கு நினைவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போகும்படி அண்ணியிடம் சொல்லச் சொன்னார் அம்மா. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தார். அடுத்த வருடம் சரியாகச் செய்ய வேண்டுமாம். டிசம்பர் வரை இழுக்காதீர்கள், இன்றைக்கே அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் அம்மா எதற்கு இதைக் கேட்கிறார் என்று அண்ணி கேட்பார். அதற்கும் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்: அவர் அண்ணனின் பெயர் என்ன? என்ன விரும்பிச் சாப்பிடுவார்?

இப்படிக்கு,
தங்கை சிவரஞ்சனி