கொதிகலன் ஆய்வாளரின் கைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மூவரும் நலம்தானே? மாப்பிள்ளையின் இருமல் குறைந்ததா? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

சென்ற முறை இங்கிருந்து ஊருக்குக் கிளம்பும்போது, யாரிடமாவது போய்ப் பேசுங்கள் என்று நீ கோபமாகச் சொன்னதை நான் தட்டவில்லை. உளவியல் நிபுணரை இதுவரை நான்கு தடவை பார்த்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். என் கோளாறுகளை வரிசை எண் போட்டு மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டு, 'என் பலங்கள்' என்று தலைப்பிட்ட வெற்றுத் தாளைக் கொடுத்தார். வீட்டில் நிரப்பி எடுத்துவர வேண்டுமாம்.

ஒரு வாரம் யோசித்தேன். முப்பத்தெட்டு ஆண்டு கொதிகலன் ஆய்வாளனாக இருந்த பழக்கம் விடுமா? 'ஆய்வு செய்யப்பட்டது. குறிப்பிடும்படி ஏதும் காணப்படவில்லை' என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் போட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு, என் காலத்தில் எத்தனை கொதிகலன் வெடித்தது என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, பயந்து பயந்து ஒவ்வொரு வால்வையும் இரண்டு தடவை பார்ப்பேன் என்றேன்.

"அதைத்தாங்க எழுதச் சொன்னேன்" என்றார்.

அந்த முறை நீ குழந்தையை என்னிடம் நீட்டியபோது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதையும், உன் முகம் வாடியதையும் அவரிடம் சொன்னேன். பேத்தியைப் பிடிக்காமல் இல்லை அம்மா. கை தவறிவிடுமோ என்ற நடுக்கம். அன்றே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அந்தப் பயத்தை விரட்ட வேண்டாம், அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நிபுணர்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் நான்கு மாதக் குழந்தையிடம் ஒத்திகை பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து தரை ஈரமா என்று பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, இது பாய்லர் இல்ல, வெடிக்காது. பிடிங்க" என்று மடியில் வைத்துவிட்டார்.

இரண்டே நிமிடத்தில் என் சட்டை நனைந்தது. அழுத்தம் கூடினால் வால்வு திறக்கத்தானே செய்யும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை ஆடவில்லை. இருபத்தைந்து நிமிடம் வைத்திருந்தேன்.

தேறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. வேலை அதிகம், விடுமுறைக்கு வர முடியாது என்று தொலைபேசியில் சொன்னாய். நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். ஒரு நாளாவது வா, அம்மா. பெட்டிகளை மாப்பிள்ளை தூக்கட்டும், குழந்தையை முதலில் என்னிடம் கொடு. உட்கார்ந்துதான் வாங்குவேன், அதற்குச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, வா.

மூவருக்கும் ஆசிகளுடன்,
உன் அப்பா