எனக்காக நீங்கள் கலக்கிய தூள்

அக்கா,

இன்று காலை உப்புவெளிக் கரையில் ஒருவர் படகின் வெடிப்புக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தார். அந்தப் பிசின் மணம் மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். துறைமுகத்தை ஒட்டியிருந்த நாம் இருவரும் வேலை செய்த படகுத் தொழிற்சாலையும், அதற்குள் நீங்கள் நின்ற இடமும் கண்ணுக்குள் வந்துவிட்டன.

சண்டைக்காலம். கண்ணாடி இழைப் படகுகள் செய்தோம். பிசின் வழிந்தோடாமல் தடிப்பாவதற்கு ஒரு வெள்ளைத் தூள் சேர்ப்போம். பையைத் திறந்தாலே புகைபோல எழும்பும்; வெயில் விழும் இடத்தில் மட்டும் தெரியும். அதைக் கலக்கும் வேலை என்னுடையது. முகமூடி கேட்டபோது மேற்பார்வையாளர், "பாதை பூட்டு. கொழும்பிலயிருந்து சாமான் வரேல்ல. இது மா மாதிரித்தான், ஒண்டும் செய்யாது" என்றார்.

என் வயிற்றில் பிள்ளை இருப்பதை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். கலக்குகிற தடியை என் கையிலிருந்து வாங்கினீர்கள். "வயித்தில பிள்ளையோட இதுக்குள்ள நிக்க ஏலாது. வெளியில போய் படகு அச்சுக்கு மெழுகு பூசு."

மகள் பிறந்து நான் திரும்பி வந்தபோதும் நீங்கள்தான் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். வாயைச் சுற்றிச் சீலைத்துண்டு, இமையெல்லாம் வெள்ளை. "இனி நான் செய்யிறன் அக்கா" என்றேன். ஒரேயொரு முறைதான் சொன்னேன்.

"எனக்குப் பழகீட்டுது. நீ பால் குடுக்கிறனி, தள்ளி நில்."

தள்ளி நின்றேன். பிள்ளை பால் மறந்த பிறகும் நின்றேன்.

முதலில் உங்களுக்கு வறட்டு இருமல். பிறகு படியேறவே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கவேண்டும். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் நாலு இடத்தில் குந்தினீர்கள். எழும்பி நடக்கச் சொன்ன சிப்பாயிடம் ஏலாது என்று சொல்லவும் உங்களிடம் மூச்சு இருக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

எக்ஸ்ரே படம் பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது என்றார். "என்ன வேலை செய்யிறவ?" என்று என்னிடம் கேட்டார்.

"தூள் கலக்கிறவ."

அது யாருடைய வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது மகளையும் தூக்கி வந்தேன். அவள் முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "நல்ல... சுத்தமான மூச்சு" என்றீர்கள். அடுத்த கிழமை நீங்கள் இல்லை.

அவள் இப்போது படித்துவிட்டு வந்து சொல்கிறாள்: அந்தத் தூளின் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியதாம், சீலைத்துணி அதைத் தடுக்காதாம். "அப்ப அது ஆருக்கும் தெரியாதுதானே அம்மா" என்று என்னைத் தேற்றுகிறாள்.

எனக்குத் தெரியும், அக்கா. நீங்கள் இருமத் தொடங்கிய அன்றே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.